சிவப்புக்கீரையின் நிறமும் இரும்புச்சத்தும்

மேலே ஒரு அண்ணன், "சிவப்புக்கீரை சிவப்பாக இருப்பதே இரும்புச்சத்தால்தான், பச்சை முளைக்கீரையில் அது இல்லை" என்று எழுதியிருக்கிறார். பலரும் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

அந்தச் சிவப்பு பீட்டாசயனின் என்ற நிறமி. பீட்ரூட்டிலும் இதே வகைதான். இரும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பச்சை முளைக்கீரையிலும் இரும்பு இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுத்தளத்தில் 'அமராந்த் இலை' (இந்தக் கீரை இனத்தின் ஆங்கிலப் பெயர்) என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள்: சமைக்காத இலை 100 கிராமில் ஏறத்தாழ 2.3 மில்லிகிராம் இரும்பு. நிறத்தை வைத்து அங்கே கணக்கு எழுதவில்லை.

வீட்டிலேயும் பார்க்கலாம். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் வாங்கும் சிவப்புக்கீரையில் நாலு இலையை அவித்து, அந்தச் சிவப்புத் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் கரைத்துவிடுங்கள். சிவப்பு மங்கி மஞ்சளாகும். நிறமி உடைகிறது, அவ்வளவுதான். (எங்கள் அம்மம்மா இதைப் பார்த்து, "கீரையைப் பாழாக்கிறியே" என்று ஏசினா.)

சரி, சிவப்புக்கீரையும் நல்ல கீரைதான், தாராளமாகச் சுண்டிச் சாப்பிடுங்கள். சந்தையில் பச்சைதான் கிடைத்தால் அதை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.