கல்யாண நாளை விமானத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்

வெள்ளிவிழா கல்யாண நாளுக்கு நியூசிலாந்து போகத் திட்டமிடும் தம்பதிகளில் ஒருவர் செலவைப் பற்றிக் கேட்பார். இன்னொருவர் பிறகு தனியாக வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்: "அங்க குட்டி விமானத்துல மலைக்கு நடுவுல கூட்டிட்டுப் போவாங்களாமே, அது பத்திரம்தானா?"

பயமாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. தெற்குத் தீவின் மலை ஊரான குயின்ஸ்டவுனில் இறங்குவதும், அங்கிருந்து மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் பறப்பதும் வயிற்றைக் கலக்கும் சமாச்சாரங்கள். ஆனால் அங்கே விமானிகள் காற்றைப் பார்த்துவிட்டு "இன்று வேண்டாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். சிக்கல் நம் பக்கம் இருக்கிறது. பதினேழாம் தேதி கல்யாண நாள், அன்றைக்கே அந்த விமானம், அன்றைக்கே அந்தப் படம் முகநூலில் என்று முடிவு செய்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்புகிறோம். அந்த ஊர் வானிலை நம் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை.

பஞ்சாங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, முதலில் உங்கள் கல்யாண மாதத்தைப் பாருங்கள். தையில் கல்யாணம் ஆனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே அது நடுக்கோடை. குயின்ஸ்டவுனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். வைகாசி என்றால் குளிர்காலத் தொடக்கம். பகல் குறைவு, ஆனால் காற்று அடங்கிய தெளிவான நாட்கள் கிடைக்கும், கூட்டமும் இருக்காது. ஆவணியில் மில்ஃபோர்ட் சாலையில் பனிச்சரிவு அபாயம், டயருக்கு மாட்டும் சங்கிலி கையில் இல்லாமல் விடமாட்டார்கள், சில நாள் சாலையையே மூடிவிடுவார்கள். ஐப்பசி அங்கே வசந்தம். படத்தில் பூவாகத் தெரியும், காற்று மட்டும் அந்த மாதங்களில்தான் அதிகமாக ஆடும். ஐப்பசியில் கல்யாணம் ஆனவர்கள் கொண்டாட்டத்தை நான்கு மாதம் தள்ளி வைப்பதில் ஒரு தோஷமும் இல்லை.

ஏன் அப்படி ஆடுகிறது? தெற்குத் தீவின் முதுகெலும்பாக நிற்கும் மலைத்தொடருக்குத் தெற்கு ஆல்ப்ஸ் என்று பெயர். உச்சி அயோராகி, 3,724 மீட்டர். மேற்கிலிருந்து கடல் தாண்டி வரும் காற்று இந்த மலையில் முட்டி, மழையை எல்லாம் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, மறுபக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. கேரளத்தில் மழை, தேனியில் காற்று என்று நமக்குப் பழக்கமான கதைதான். ஆற்றில் பாறையைத் தாண்டிய தண்ணீர் அடுத்தடுத்து அலை அலையாக மேடு கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையைத் தாண்டிய காற்றும் வானத்தில் அப்படித்தான் நிற்கிறது. அந்த அலையின் உச்சியில் ஊத்தப்பத்தை அடுக்கி வைத்தாற்போல வழவழப்பான மேகங்கள் தெரியும். காற்று எவ்வளவு அடித்தாலும் அவை இடத்தை விட்டு நகராது. அந்த மேகம் அழகு. அதற்குக் கீழே காற்று உருளைபோலச் சுழலும், விமானம் அங்கேதான் தூக்கிப் போடும். அதே தீவின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து குயின்ஸ்டவுனுக்கு ஏடிஆர் 72 என்ற விசிறி இன்ஜின் விமானத்தில் போனால் இந்த ஆட்டம் கூடுதலாகத் தெரியும், காரணம் அது ஜெட்டை விடத் தாழ்வாகப் பறக்கிறது. தலைநகர் வெலிங்டனில் வேறு கணக்கு. இரண்டு தீவுக்கும் நடுவே உள்ள குக் நீரிணை, ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி காற்றைப் பிடித்துப் பிழிந்து அனுப்புகிறது. முப்பந்தலில் காற்றாலை ஏன் நிற்கிறது என்று தெரிந்தவருக்கு வெலிங்டன் ஓடுபாதையில் விமானம் ஏன் பக்கவாட்டில் நண்டு போல வருகிறது என்பதும் புரிந்துவிடும்.

நீண்ட பயணத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச் ஏறக்குறைய பத்து மணி நேரம். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். நான்காயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுத்தால், வங்கக் கடலில் ஒரு மழைமேகத்தைச் சுற்றிக்கொண்டு தாமதமாக இறங்கும் விமானத்துக்கு அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. ஆட்டம் குறைவாகத் தெரிய வேண்டும் என்றால் இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகள். வால் பக்கம் வேண்டாம். பயப்படுகிறவருக்கு இறக்கை வளைவதைப் பார்ப்பதே பெரிய பயம். அது வளையத்தான் வேண்டும். 2010-ல் போயிங் 787-ன் இறக்கையைச் சோதனைக் கூடத்தில் சுமார் 25 அடி உயரத்துக்கு மேல்நோக்கி வளைத்துப் பார்த்தார்கள். பறக்கும்போது எதிர்பார்க்கும் உச்ச பாரத்தைப்போல ஒன்றரை மடங்கு அது. உடையவில்லை.

பெல்ட் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்கியூ 321 என்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்வெளியில் ஆடியதில் ஒருவர் இறந்தார், பலர் காயம்பட்டார்கள். ஆறாயிரம் அடி விழுந்தது என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. சிங்கப்பூர் விசாரணை அமைப்பின் முதல்கட்ட அறிக்கைப்படி, அந்தத் திடீர் இறக்கம் 178 அடிதான். மீதி, பாங்காக்கில் இறக்குவதற்காக விமானிகள் பிறகு நிதானமாகக் குறைத்த உயரம். ஆனால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விமானம் கீழ்நோக்கி இழுபட்டபோது, பெல்ட் போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். ஆகவே பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும், தூங்கினாலும், பெல்ட் இடுப்பில் இருக்கட்டும். போர்வைக்கு மேலே போட்டுக்கொண்டால் பணிப்பெண் எழுப்ப வேண்டியிருக்காது.

இனி குயின்ஸ்டவுன். விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டரில், பள்ளத்தாக்குக்குள். பக்கத்திலேயே ரிமார்க்கபிள்ஸ் மலை 2,300 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே பாறை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே போகும்போது பக்கத்தில் இருப்பவரின் நகம் உங்கள் கையில் பதியும். அந்த நேரத்தில் "ஒண்ணும் ஆகாது, பேசாம இரு" என்று சொல்வது உதவவே உதவாது. அடுத்து என்ன சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அது உதவும்.

புறப்படுவதற்கு முன் ஏர்பஸ் 320-ல் தரைக்கு அடியிலிருந்து நாய் குரைப்பது போல, மரம் அறுப்பது போல ஒரு சத்தம் வரும். இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இடையே அழுத்தத்தைச் சமன் செய்யும் பம்ப் அது, கோளாறில்லை. மேலே ஏறி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி தாண்டியதும் இன்ஜின் சத்தம் திடீரெனக் குறையும், வயிறு ஒரு கணம் மிதக்கும். விழவில்லை, ஏறும் வேகத்தை மட்டுப்படுத்துகிறார்கள். இறங்கும்போது 'டொம்' என்றால் சக்கரம் வெளியே வந்துவிட்டது. ஓடுபாதையில் தடாலென்று உட்கார்ந்தால் விமானிக்குத் திறமை போதாது என்று நினைக்க வேண்டாம். குட்டையான, நனைந்த ஓடுபாதையில் பூப்போல இறக்கப் பார்த்தால் பாதி ஓடுபாதை வீணாகிவிடும். அழுத்தி வைத்தால்தான் பிரேக் பிடிக்கும்.

எல்லாவற்றையும் விடப் பயமுறுத்துவது, இறங்க வந்த விமானம் கடைசி நிமிடத்தில் உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறுவது. குயின்ஸ்டவுனில் இது நடக்கும். குறித்த உயரத்துக்கு வந்தபோது ஓடுபாதை தெரியவில்லை அல்லது காற்று வரம்பைத் தாண்டிவிட்டது என்றால் ஏறித்தான் ஆக வேண்டும், அது விதி. இரண்டு மூன்று நிமிடம் எந்த அறிவிப்பும் வராது. விமானிக்குக் கை நிறைய வேலை, அதனால்தான் மௌனம். பிறகு மறுபடி முயற்சி செய்யலாம், இல்லையென்றால் இன்வர்கார்கில்லிலோ கிறைஸ்ட்சர்ச்சிலோ இறக்கிவிடுவார்கள். இன்வர்கார்கில்லிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரத்தில் குயின்ஸ்டவுன் வந்துவிடலாம். எனவே இறங்கிய மாலையிலேயே மெழுகுவர்த்தி விருந்துக்கு முன்பணம் கட்டி வைக்காதீர்கள்.

மில்ஃபோர்ட் விமானம்தான் பலர் கனவு காண்பது. எட்டு முதல் பதின்மூன்று பேர் அமரும் சிறு விமானம், நாற்பது நிமிடத்துக்குள் பயணம், ஓடுபாதை 800 மீட்டர்கூடக் கிடையாது. அங்கே ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையைப் போல நாலு மடங்குக்கும் மேல். ரத்தாவது சகஜம். முன்பதிவிலேயே உடல் எடை கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் நிற்கிறார் என்று பத்துக் கிலோ குறைத்துச் சொல்லும் கணவர்களுக்கு, கவுன்டரில் தராசு காத்திருக்கும். எடையைப் பார்த்துத்தான் யார் எங்கே உட்கார வேண்டும் என்று விமானி முடிவு செய்வார். முன்னும் பின்னும் பாரம் சமமாக இல்லாவிட்டால் சிறு விமானத்தின் மூக்கு சொன்னபடி கேட்காது. அதனால் கல்யாண நாள் தம்பதியையும் பிரித்து, ஒருவரை விமானிக்குப் பக்கத்திலும் ஒருவரைக் கடைசி வரிசையிலும் உட்கார வைப்பதுண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள். கைப்பை ஒன்று போதும், அதுவும் துணிப்பையாக இருக்கட்டும்.

முன்பதிவில் ஒரு தந்திரம் உண்டு. பேருந்தில் போய், படகில் சுற்றி, விமானத்தில் திரும்பும் வகைச் சீட்டை வாங்குங்கள். விமானம் ரத்தானால் வந்த பேருந்திலேயே திரும்பலாம், படகுச் சவாரி கைவிட்டுப் போகாது. போகவும் வரவும் விமானம் என்று வாங்கினால், காலையில் ரத்து என்றதும் அந்த நாளே போச்சு. காலைச் சவாரியையே கேளுங்கள், வெயில் ஏற ஏற மலைக்காற்றும் கிளம்பிவிடும். இதைக் குயின்ஸ்டவுனில் தங்கும் நாட்களின் நடுவே வையுங்கள். முதல் இரண்டு நாள் வேண்டாம். கோடையில் அங்கே கடிகாரம் நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, காலை எட்டு மணி விமானம் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு. தூக்கம் கெட்ட வயிறு சீக்கிரம் புரட்டும். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாளும் வேண்டாம், ரத்தானால் மாற்றுநாள் இருக்காது. கல்யாண நாளன்று ஏரிக்கரையில் நடங்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள். விமானம் எந்த நாளில் பறக்கிறதோ அந்த நாளில் பறக்கட்டும்.

வாந்தி வருமென்றால் அவோமின் போன்ற மாத்திரை, ஒரு மணி நேரம் முன்பாக. தூக்கம் வரும் என்பதால் அன்று கார் ஓட்டக் கூடாது. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. இஞ்சி மரப்பாவும் பலருக்குக் கேட்கிறது. ஆனால் அதையும், இட்லிப் பொடியையும், ஊறுகாயையும் நுழைவுப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகாரி பார்த்துவிட்டுக் கொடுப்பார் அல்லது குப்பையில் போடுவார், அவ்வளவே. எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் போட்டு மறந்தாலும் இதே அபராதம். கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள்.

காப்பீட்டில் "சாகச நடவடிக்கைகள்" என்ற பகுதியைப் படியுங்கள், பங்கி ஜம்பும் ஸ்கைடைவும் பல பாலிசிகளில் தனிச் சேர்க்கை. விபத்தில் அடிபட்டால் ஏசிசி என்ற அரசுத் திட்டம் சுற்றுலாப் பயணிக்கும் அங்கே சிகிச்சைச் செலவில் உதவும். காய்ச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் அது வராது, ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் தராது.

விமானம் ரத்தாகிப் பேருந்து வாய்த்தவர்கள் அழ வேண்டாம். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர், போகமட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல். சொந்தமாக ஓட்டினால் நம் ஊர் போல இடப்பக்கம்தான், தே அனாவில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. 1935-ல் வெட்டத் தொடங்கி 1954-ல் திறந்த ஹோமர் சுரங்கம் வழியில் வரும். உள்ளே ஒப்பனை எதுவும் இல்லை, வெறும் பாறை, தண்ணீர் சொட்டும், பாதை சரிவாக இறங்கும். வாசலில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது கியா என்ற பச்சை மலைக்கிளிகள் காரின் மேல் வந்து உட்கார்ந்து ஜன்னல் ரப்பரைப் பிய்க்கும். முறுக்கு போடாதீர்கள்.