குத்துப்பட்டவரைத்தான் திட்டுவீர்களா?

"பார்த்து வேலை செய்யக் கூடாதா?"

ஊசி குத்திய விரலோடு வந்து நின்ற துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி இது. எத்தனை மணிக்குக் குத்தியது, யாருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. பதினோரு ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான் காதில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

அவர் எதைப் பார்த்திருக்க வேண்டும்? யாரோ வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட்டுவிட்டு, உருவிய ஊசியை டிரேயில் பஞ்சுக்கு அடியிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். காலை ஷிஃப்ட் மாறும் நேரம். அக்கா பஞ்சை அள்ளி மஞ்சள் பையில் போடப் போனார், அவ்வளவுதான். கையுறையைக் கழற்றினால் ஆள்காட்டி விரல் நுனியில் ரத்தம் முத்தாகத் திரண்டு நிற்கிறது. உடனே அவர் செய்தது என்ன தெரியுமா? அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். திட்டுவார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். வலியைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

விரலைப் பிதுக்கத் தொடங்கியவரைத் தடுத்து, குழாயடிக்கு அழைத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவச் செய்தேன். அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைச்சல். அவசரப் பிரிவில் "ஓ.பி. சீட்டு எங்கே?" என்றார்கள். அலுவலகத்தில் "அவர் எங்கள் ஊழியர் இல்லை, கான்ட்ராக்ட்" என்றார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இருக்கும் அலமாரியின் சாவி, ஒன்பது மணிக்கு வருபவரிடம் இருந்தது. அந்த மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் கொடுப்பதில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இதெல்லாம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சாவிதான் இல்லை!

எல்லாரும் எச்.ஐ.வி.யை நினைத்தே நடுங்குகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவர் என்றால் நூற்றுக்கு முப்பது வரை போகலாம். அந்தத் தடுப்பூசி மூன்றே தவணைதான், விலையும் பெரிதில்லை. மருத்துவக் கழிவைக் கையாளும் அத்தனை பேருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. நான்கு ஆண்டுகளாக எங்கள் ரத்தத்தையும் சீழையும் அள்ளுகிற அக்காவுக்கு ஒரு தவணைகூடப் போடவில்லை. கேட்டால், "அது கான்ட்ராக்டர் பொறுப்பு." ஊசிக்குத் தெரியுமா, யார் கான்ட்ராக்ட், யார் நிரந்தரம் என்று?

டிரேயில் ஊசியை விட்டுப் போனவரையும் நான் மன்னிக்கவில்லை. உருவிய ஊசியை அந்தக் கையோடு ஊசிக் கழிவுக்கான வெள்ளை டப்பாவில் போட வேண்டும், ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது என்று முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். ஆனால் இரவு முழுக்க முப்பது நோயாளிகளுக்கு இரண்டே நர்ஸ். டப்பாவோ வார்டின் மறுகோடியில், ஒன்றே ஒன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் ஒரு டப்பா வையுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். வரவேற்பறைக்குப் புது சோபா வந்தது, டப்பா வரவில்லை.

யாருடைய ஊசி என்றே தெரியாததால் அக்காவுக்கு மாத்திரை தொடங்கினோம். பத்தரை மணி ஆகிவிட்டது. ஹெபடைடிஸ் தடுப்பூசியின் முதல் தவணையும் அன்றுதான் போட்டார்கள், நான் சத்தம் போட்ட பிறகு. மாத்திரையால் குமட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே மறுநாளும் வேலைக்கு வந்தார். ஆறாவது வாரப் பரிசோதனை முடிந்துவிட்டது, மூன்றாவது மாதத்தது பாக்கி. வீட்டில் கணவரிடம் இன்னும் சொல்லவில்லையாம். "பயந்துவிடுவார் சிஸ்டர்" என்கிறார்.

முக்கால் பாகம் நிரம்பியதும் மூடிக் கட்ட வேண்டிய அந்த வெள்ளை டப்பா, நேற்று இரவு நான் டியூட்டிக்குப் போனபோது விளிம்புவரை நிறைந்து, மேலே நான்கைந்து ஊசி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மாற்று டப்பா கேட்டேன். ஸ்டோர் காலையில்தான் திறக்கும் என்றார்கள்.