பெத்தவரே

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் சபையில் ஏழைகளுக்குச் சேலை கொடுப்பார்கள். மேடை, மைக், பேனர், நீண்ட வரிசை. வாங்குகிற அம்மா கேமராவைப் பார்க்கிறவரைக்கும் கொடுக்கிறவர் சேலையிலிருந்து கையை எடுக்கமாட்டார். போன முறை படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபோது எனக்குப் பரட்டை அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

நேரில் பார்த்ததில்லை. பாட்டு வழியாகத்தான் பழக்கம். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு என்பது பெயர். சி.எஸ்.ஐ. ஆயர், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர், தலித் இறையியலாளர். 2005ல் காலமானார். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அறிந்த மனிதர், அறிந்தே இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு நாட்டுப்புற மெட்டுக்கு வந்தார். சாவு மேளம், தீட்டு என்று ஒதுக்கிவைத்த பறையை வழிபாட்டுக்குள் கூட்டிவந்தார். அதை அடித்தவர்களின் பிள்ளைகளே ஞானஸ்நானம் வாங்கியபிறகு அதைத் தொடக் கூசியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

‘பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? இயேசு கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தை அவர் பாட்டாக்கியபோது கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். ‘பெற்றவரே’ இல்லை, ‘பெத்தவரே’. பிதா என்றால் அப்பா மட்டும். பெத்தவர் என்றால் அம்மாவும்தான். அதைவிட முக்கியம், அது களையெடுக்கிற பெண் வீட்டில் பேசுகிற சொல். கும்பிடும்போது மட்டும் நாக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும், தன் பேச்சு சாமிக்கு ஆகாது என்று ஒருத்தியை வாழ்நாள் முழுக்க நம்பவைத்திருக்கிறோம். வறுமையில் இதுவும் ஒரு வறுமைதான். எத்தனை சேலை கொடுத்தாலும் இது தீராது.

எங்கள் கமிட்டியில் இதைச் சொன்னேன். “பாட்டுப் பாடினா வயிறு நிறையுமா தம்பி?” என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. ஆனால் பரட்டை பாட்டோடு நிற்கவில்லையே. ‘ஒரு ஒலை’ என்பார். அவரவர் வீட்டு அடுப்பு இல்லை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே உலை. கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தே அதுதான் என்பது அவர் இறையியல். அப்பம் ஒரு துணுக்கு, திராட்சரசம் ஒரு மடக்கு என்று முடித்துக்கொள்கிற காரியமில்லை. அந்தப் பந்தியில் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்று இரண்டு வரிசை போட முடியாது. அதனால்தானோ என்னவோ, அவர் பாட்டை எடுத்துக்கொண்ட அளவுக்கு உலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கன்வென்ஷன் கூட்டங்களில் கீபோர்டு, ரிதம் பேட் வைத்து அதே மாதிரி மெட்டுகளை ‘கிராமிய ஐட்டம்’ என்று போடுகிறார்கள். கைதட்டல் நன்றாகவே விழுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனோடு எனக்குச் சண்டை. கர்நாடக ராகத்தில் சபைகளில் பாடுகிற கீர்த்தனையை மேல்சாதிக்காரர்களின் இசை என்று ஒதுக்கினார். வரலாறு அவர் பக்கம்தான். அந்தக் கீர்த்தனைகள் பலவற்றை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சபைக்குள் சாதி வேறுபாடு வேண்டும் என்று மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர், அதை மறைக்க முடியாது. ஆனால் என் அப்பாயி கூலி வேலைக்குப் போனவள், எழுதப் படிக்கத் தெரியாது. கீர்த்தனைகளைத் தன் இஷ்டத்துக்கு இழுத்து, பாதி வார்த்தையை மாற்றி, நடவுப் பாட்டு மாதிரிதான் பாடுவாள். ராகம் எங்கே போனதென்று ஆண்டவருக்கே வெளிச்சம். அதைக் கேட்டிருந்தால் பரட்டை அண்ணன் என்ன சொல்லியிருப்பார்? தவில் மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டு கூடவே பாடியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.