முப்பது கவுண்ட் என்றால் ஏமாற்று அல்ல

"அமெரிக்கச் சமையல் குறிப்பில் 16/20 இறால் கேட்டிருந்தது; நாகப்பட்டினத்தில் 30 கவுண்ட் இறாலைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. உழைக்கும் வியாபாரிகள் மீது இப்படிப் பழி போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கவுண்ட் என்பது குறிப்பிட்ட எடைக்கு எத்தனை இறால் என்ற எண்ணிக்கை. எண் கூடினால் இறால் சிறுக்கும். இதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் எந்த எடைக்கு எத்தனை என்பதைப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு எண்ணுகிறார்கள். அங்கே 16/20 என்றால் பவுண்டுக்கு 16 முதல் 20 இறால்; ஒன்று 23 முதல் 28 கிராம், அதுவும் பெரும்பாலும் தலை நீக்கிய எடை. வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்து இறால் பண்ணைகளில் கிலோவுக்குத்தான் கணக்கு, தலையோடு. 30 கவுண்ட் என்றால் ஒன்று ஏறக்குறைய 33 கிராம். தலையைக் கிள்ளினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்; மிஞ்சுவது 21 கிராம் அளவில் இருக்கும். நீங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

பெரிய இறாலுக்கு வைக்கும் 'ஜம்போ' என்ற பெயரையும் நம்பாதீர்கள். அதற்கு நிலையான அளவே கிடையாது. அடுத்த முறை கிலோவுக்கு எத்தனை, தலையோடா தலையில்லாமலா என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவையும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.