குட்டிக்கு அனுப்பும் காசு காட்டுக்கும் போகட்டும்

மீட்பு மையத்தில் வளர்கிற ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்குக் குட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, காட்டில் வாழப் பழக்கும் பயிற்சிக்கு அழைத்துப் போகிற வீடியோ, தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவில் எடுத்தது, மறுபடியும் எல்லார் டைம்லைனிலும் ஓடுகிறது. கீழே கமெண்ட்டில் இரண்டே கட்சி. ஒரு கட்சி, "ஐயோ செல்லம், எங்கே பணம் அனுப்பணும்?" இன்னொரு கட்சி, "மனுஷப் பிள்ளைக்கே பால் இல்லை, குரங்குக்குக் கோடி கோடியாய்க் கொட்டணுமா?" இரண்டு கட்சிக்காரர்களும் என் நட்பு வட்டத்தில் இருக்கிறீர்கள். இரண்டு பேரிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் செல்லம் கொஞ்சுகிறவர்களுக்கு. அந்தக் குட்டி வண்டிக்கு எப்படி வந்தது? ஒராங்குட்டான் தாய் ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும். அத்தனை வருஷமும் குட்டி அம்மாவை ஒட்டியே வளரும். எந்தப் பழம் எப்போது பழுக்கும், ராத்திரி படுக்கக் கிளைகளை மடக்கிக் கூடு கட்டுவது எப்படி, எல்லாம் அவளிடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். கட்டிக்கொண்டிருக்கிற அந்தக் குட்டியைப் பறிக்க வேண்டுமென்றால் அவளைக் கொல்லாமல் முடியாது. வண்டியில் உட்கார்ந்திருக்கிற குட்டிகளில் பெரும்பாலானவற்றின் தாய் உயிரோடு இல்லை. நம் இரக்கமும் பணமும் கிளம்புவது அவள் செத்த பிறகுதான்.

1999-க்கும் 2015-க்கும் இடையில் போர்னியோ தீவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஒராங்குட்டான்கள் அழிந்தன என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பாமாயில் தருகிற எண்ணெய்ப்பனைக்காகக் காட்டை அழித்தது ஒரு பக்கம். காடு நிற்கிற இடத்திலும் கொன்றிருக்கிறார்கள். அந்தத் தீவில் இந்தோனேசியாவுக்குச் சொந்தமான களிமந்தான் பகுதியில் கிட்டத்தட்ட 7,000 கிராமத்து மக்களிடம் பேசிப் பார்த்தபோது, இறைச்சிக்காகக் கொன்றவர்கள், தோட்டத்தில் புகுந்ததால் கொன்றவர்கள், பயத்தில் கொன்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

பணம் வராமலும் இல்லை. 2000 முதல் 2019 வரை ஒராங்குட்டான் பாதுகாப்புக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கிறது. எந்தச் செலவுக்கு எவ்வளவு பலன் என்று 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. காட்டைக் காப்பது, ரோந்து போவது, சுற்றியுள்ள மக்களோடு பேசிப் பழகுவது, இவைதான் போட்ட காசுக்கு அதிகம் பலன் தந்தவை. மீட்பும் மறுவாழ்வும் அந்த அளவுக்குத் தரவில்லை. ஆனால் சதுப்புக் காட்டில் முழங்கால் சேற்றில் நடந்து, திருட்டு மரவெட்டிகளின் கூடாரத்தைத் தேடிப் போகிற ரோந்துக்காரரின் வீடியோவை யார் ஷேர் செய்கிறோம்? மீட்பு மையங்களை மூடச் சொல்லவில்லை. பறிமுதல் செய்த குட்டியை ஒப்படைக்க ஓரிடம் இல்லாவிட்டால் எந்த அதிகாரியும் பறிமுதலுக்கே போக மாட்டார். என் ஆதங்கமெல்லாம், நம் கண்ணீர் அந்த ஒரு வாசலிலேயே நின்றுவிடுகிறதே என்பதுதான்.

அடுத்தது, "மனுஷனுக்கே இல்லை" கட்சி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதை நான் மதிக்கிறேன். உங்களுக்காகவே ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். மேற்குக் களிமந்தானில் குனுங் பாலுங் தேசியப் பூங்காவை ஒட்டிய சுகடானா. 1993-இல் ஒராங்குட்டான் ஆராய்ச்சிக்காக அங்கே போன கினாரி வெப் என்ற அமெரிக்க மாணவி, ஜனங்கள் ஏன் காட்டை வெட்டுகிறார்கள் என்பதை நேரில் பார்த்தார். வீட்டில் ஒரு பிரசவ ஆபரேஷன் என்றால் போதும், கையில் காசு இருக்காது, காட்டில் மரம் இருக்கும். அவர் திரும்பிப் போய் மருத்துவம் படித்து டாக்டராக வந்தார். காட்டைக் காக்க உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஊர் ஊராய்க் கேட்டார்கள். நல்ல வைத்தியம், இயற்கை விவசாயப் பயிற்சி என்று பதில் வந்தது. 2007-இல் கிளினிக் தொடங்கியது.

அந்தக் கிளினிக்கில் பில் கட்டுகிற விதத்தைக் கேளுங்கள். காசு இல்லையா, மரக்கன்று கொண்டு வரலாம். எருவாகவும் கொடுக்கலாம், கையால் முடைந்த கூடையாகவும் கொடுக்கலாம். கன்றுகளை அழிந்த காட்டில் நடுகிறார்கள். மரம் வெட்டுவதை நிறுத்திய ஊருக்குத் தள்ளுபடி அதிகம். மரவெட்டிகளின் ரம்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு தொழில் தொடங்கப் பணம் ஏற்பாடு செய்து தருகிறார்கள். முதல் பத்தாண்டுக் கணக்கை 2020-இல் வெளியிட்டார்கள். அந்தப் பூங்காவில் காடழிப்பு, எதிர்பார்த்ததைவிட 70 சதவீதம் குறைவு. கிட்டத்தட்ட 2,500 ஒராங்குட்டான்கள் வாழ்கிற காடு அது. இப்போது சொல்லுங்கள், அந்தக் கிளினிக்குக்குப் போன பணம் குரங்குக்குப் போனதா, பிரசவ வலியில் வந்த பெண்ணுக்குப் போனதா?

அதே போர்னியோ தீவில் மலேசியாவின் சபா மாநிலத்துச் சுகாவ் கிராமத்துக்காரர்களும் இப்படித்தான். கினபடாங்கன் ஆற்றங்கரையில் துண்டு துண்டாகிப்போன காட்டில், ஓடைகளின் குறுக்கே பழைய தீயணைப்புக் குழாய்களைக் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். ஒராங்குட்டான் அதைப் பிடித்துக்கொண்டு அக்கரை போகிறது. விஞ்ஞானிகள் துணை நின்றார்கள், தினசரி வேலை அந்த ஊர்க்காரர்களுடையது. சம்பளமும் அவர்களுக்குத்தான் போகிறது. வனவிலங்குக்கு நிதி என்றால் என் மனதில் வருவது இதுதான்.

எங்கோ இருக்கிற போர்னியோவுக்கு நாம் ஏன் கொடுக்கணும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயில் எங்கிருந்து வருகிறது, ஐயா? இந்தியா வருஷத்துக்குச் சுமார் 80 லட்சம் டன் பாமாயில் இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்துதான். அந்த எண்ணெயை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எத்தனையோ வீட்டு அடுப்பு அதை நம்பி எரிகிறது. பாமாயிலை ஒதுக்கிவிட்டு சோயாவுக்குப் போனால், அதே அளவு எண்ணெய்க்கு ஆறேழு மடங்கு நிலம் வேண்டும்.

ஆனால் இவ்வளவு வாங்குகிறவர்களுக்கு நிபந்தனை போடுகிற பலம் உண்டு. 2020 டிசம்பருக்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில் உள்ளே வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. அமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. பாக்கெட் பாக்கெட்டாகக் கோடிக்கணக்கில் வாங்குகிற நம் அரசு, டெண்டரில் "எந்தத் தோட்டத்து எண்ணெய்?" என்று ஒரு வரி சேர்க்கலாம். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், எம்.பி.யிடம் கேளுங்கள்.

வீடியோ பார்த்து நூறோ ஆயிரமோ அனுப்புகிறவர்கள் தாராளமாக அனுப்புங்கள். அனுப்பும் முன் அந்த அமைப்புக்கு ஒரு மெயில் போட்டு, இதில் ரோந்துக்கு எவ்வளவு, காட்டோரத்து ஊர்களுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.