சிவந்தால் கடல் இறாலா?

"வெந்ததும் நன்றாகச் சிவந்தால் கடல் இறால், வெளிறி இருந்தால் பண்ணை இறால். உணவகக்காரர் ஏமாற்றுகிறாரா என்று தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்" என்று ஒரு செய்தி வலம் வருகிறது. இது தவறு.

இறாலில் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி இருக்கிறது. வேகாத இறாலில் ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் சாம்பல், நீலச் சாயல் தெரியும். சூட்டில் புரதம் சிதைந்ததும் சிவப்பு வெளியே வரும். இந்த நிறமி தின்னும் தீனியிலிருந்து வருவது. பண்ணைத் தீனியிலும் சேர்க்கிறார்கள். அப்புறம், இனத்துக்கு இனம் நிறம் மாறும். முதுகில் ஓடும் கறுப்புக் கோடும் சாட்சி இல்லை, அது வெறும் குடல்.

மரபணுச் சோதனைகூட இனத்தைத்தான் சொல்லும். புலி இறால் கடலிலும் பிடிபடுகிறது, பண்ணையிலும் வளர்கிறது.

ஏமாற்று நடக்காமல் இல்லை. ஆனால் சில சமயம் கோளாறு மெனு அட்டையில்தான். அச்சடித்தபோது கடல் இறால் வந்திருக்கும். வரத்து குறைந்ததும் வியாபாரி உறைந்த வனாமி (பண்ணையில் வளர்க்கும் ஓர் இறால் இனம்) பெட்டியை அனுப்புவார், அட்டை மட்டும் மாறாது. (இதற்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், சோம்பல்தான்.) சந்தேகமா? பெட்டியின் லேபிளைக் கேளுங்கள். இனம், நாடு, பிடித்ததா வளர்த்ததா என்பது பெரும்பாலும் அதில் இருக்கும்.