எக்வாங் யாருடைய சமையல்?

"எக்வாங் நைஜீரியச் சமையல், ஒரோக்கோக்காரர்கள் காப்பியடித்து விற்கிறார்கள், அவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்கள்தானே" என்று, ஒரோக்கோ அக்கா ஒருவர் நடத்தும் எக்வாங் கடையைப் "போலி" என்று சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். (எக்வாங் என்பது துருவிய கிழங்கை இலையில் சுருட்டி வேகவைக்கும் பண்டம்.) அவர் சொன்ன இரண்டும் தவறு.

ஒரோக்கோ மக்கள் கேமரூனின் தென்மேற்குப் பகுதியில், நைஜீரிய எல்லையை ஒட்டிய என்டியன் மாவட்டத்திலும் கும்பா நகரைச் சுற்றியுள்ள மேமே மாவட்டத்திலும் வாழ்கிறார்கள். அங்கே ஆங்கிலமும், ஆங்கிலத்திலிருந்து உருவான பேச்சுமொழியான பிட்ஜினும்தான் பொதுமொழி, பிரெஞ்சு இல்லை. 1961 வரை அந்தப் பகுதி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது, அதில் பெரும்பகுதிக் காலம் நைஜீரியாவோடு சேர்த்தே நிர்வகிக்கப்பட்டது. எல்லைக்கோட்டைப் பார்த்தா சமையல் பரவும்? அந்தப் பக்கம் நைஜீரியாவின் கலபார் நகரில் எஃபிக் மக்கள் செய்யும் எக்பாங் இதற்கு உறவுக்காரச் சமையல். யார் யாரிடம் திருடினார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

அப்புறம், இது சும்மா செய்துவிடும் பண்டமும் இல்லை. சேப்பங்கிழங்கு வகைக் கிழங்கைத் துருவி, அந்த மாவை இளம் இலைத் துண்டில் விரல் நீளத்துக்குச் சுருட்டி, பானையில் நெருக்கி அடுக்குகிறார்கள். சிவப்புப் பாமாயில், கருவாடு, உலர்ந்த இறால் சேர்த்து வேகவைக்க வேண்டும். பாதியில் கிளறினால் சுருள் பிரிந்துவிடும். ஒரு பானைக்கே அரைநாள் போய்விடும்.

எனவே அந்த ஒரோக்கோ அக்காவின் கடையைப் "போலி" என்று சொல்லும் முன் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். விலை ஏன் அவ்வளவு என்பதும் அப்போது புரியும்.